காரணம் என்னும் கட்டம்

பள்ளி மருத்துவ அறைப் பேரேட்டில் ஐந்து கட்டங்கள்:
தேதி, மணி, பெயர், காரணம், கொடுத்தது.
காரணத்துக்கு ஒதுக்கியது கட்டைவிரல் அகலம்.
அதில் அடங்குகிற நோவுகள் மட்டுமே
இந்தச் சிலேசிய ஊரின் பிள்ளைகளுக்கு வரும் என்று நம்பி
பத்தொன்பது வருடம் சம்பளம் வாங்கினேன்.

மூக்கில் ரத்தம்.
பந்து பட்டு வீங்கிய விரல்.
குளவி.
எட்டாம் வகுப்பு யெரெமி: வயிற்றுவலி.

படுக்கவைத்து அமுக்கிப் பார்த்தேன்.
வயிறு இளக்கம், காய்ச்சல் இல்லை, நாக்கு சுத்தம்.
சர்க்கரைக் கட்டியில் இருபது சொட்டுப் புதினா மருந்து,
கால் மணி நேரம் கட்டில்,
"ஆயிற்றா? கிளம்பு."
அடுத்த வாரமும் வந்தான்.
அதற்கடுத்த வாரமும்.
ஏழாவது முறை, முழுச் சொல்லையும் எழுதச் சோம்பி
'மேற்படி' என்று போட்டேன்.

ஆசிரியர் அறையில், காப்பிக் கோப்பைக்குள் பார்த்தபடி
ஹலினா டூடெக் சொன்னாள்: "நடிப்பு.
கணக்குச் சோதனை என்றால் போதும், அவனுக்கு வந்துவிடும்."
நானும் தலையாட்டினேன்.
பிறகு, ஏனோ, தேதிகளை ஒத்துப் பார்த்தேன்.
சோதனை திங்களன்று.
அவன் வருவதோ வியாழன், பதினோரு மணிக்குச் சற்று முன்.

நவம்பர். சன்னலுக்கு வெளியே
நிலக்கரி அடுப்புகளின் புகை தெருவோடு படுத்திருந்தது.
கட்டிலில் அவன் மல்லாந்து,
நெஞ்சின் மேல் செல்போன் குப்புற.
நாடி பிடித்தேன். நூற்றுப் பதினெட்டு.
ஓடிவந்தாயா என்றேன்.
படுத்துத்தானே இருக்கிறேன் என்றான்.
உண்மைதான். பத்து நிமிடமாகப் படுத்துத்தான் இருந்தான்.
சுவர்க்கடிகாரத்தை விட்டு அவன் கண் நகரவில்லை.

"பதினொன்றுக்கு மதிப்பெண் ஏற்றுவார்கள்.
எனக்கு முன்னால் அப்பா போனில் மணி அடிக்கும்."

அப்பா நார்வேயில், கப்பல் கட்டும் துறையில் வெல்டர்.
முகமூடியைக் கழற்றி, கையுறையைப் பல்லால் இழுத்துப்
பார்ப்பாராம்.

"திட்டுவாரா?"
"இல்லை."
"ஊருக்கு வரும்போது அடிப்பாரா?"
"இல்லை. 'சரி' என்று அனுப்புவார்.
அப்புறம் 'சாப்பிட்டாயா' என்று."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கழித்து, கூரையிடம் சொல்வதுபோல:
"எனக்காகத்தான் அங்கே இருக்கிறார்."

வயிற்றில் புளியைக் கரைக்க
அதட்டல் வேண்டாம், பிரம்பு வேண்டாம்.
ஒரு 'சரி' போதும்,
கடல் தாண்டி வந்தால்.

அன்று மாலை அலமாரியைத் திறந்தேன்.
பழைய பேரேடுகள் எல்லாம் என் கையெழுத்து.
தலைவலி, தலைவலி, மேற்படி.
மூச்சு முட்டுகிறது (ஓடியிருப்பான்).
மார்ட்செலினா என்றொரு பெண்,
ஒரே இலையுதிர்காலத்தில் ஒன்பது தடவை தலைசுற்றல்,
ஒன்பது தடவையும் 'தண்ணீர், ஓய்வு'.
டிசம்பரிலிருந்து அந்தப் பெயர் இல்லை.
வேறு பள்ளிக்கு மாறியிருப்பாள்.
மாறியிருக்க வேண்டும்.
முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன்,
சடையில் ஒரு மஞ்சள் ரப்பர் மட்டும் வருகிறது.

உளவியலாளர் மூன்று பள்ளிக்கு ஒருவர்.
புதன்கிழமை மட்டும் வருவார்.
யெரெமிக்குக் கிடைத்த தேதி ஐந்து வாரம் தள்ளி.
அதுவரை?
அப்பாவிடம் நான் பேசட்டுமா என்றேன்.
வேண்டாம் என்பான் என்று நினைத்தேன்.
சட்டைப் பொத்தானைப் போட்டு, கழற்றி, போட்டு,
"ஆறு மணிக்கு மேல்தான் கை ஒழியும்" என்றான்.

ஆறே காலுக்கு அழைத்தேன்.
எதிர்முனையில் கடற்காற்று, இரும்பில் இரும்பு மோதும் ஓசை,
யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.
எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின்
அந்த மனிதர் நெடுநேரம் பேசவில்லை.
அழைப்பு அறுந்துவிட்டதோ என்று
இரண்டு முறை திரையைப் பார்த்தேன்.

பிறகு கேட்டார்:
"வலி எந்தப் பக்கம்?"

பேரேடு என் மடியில் திறந்தே கிடந்தது.